கரிசல் நிலத்தின் தேசியப் பாடகர்



ஒரு நிலப்பகுதியின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் கல்வெட்டுகளையும் செப்பேடுகளையும் தேடிச் செல்வர். கோட்டையும் கோபுரமும் மிகுந்த ஊர்களுக்கு அம்முறை நன்றாகப் பொருந்தும். அருப்புக்கோட்டையையும் திருச்சுழியையும் சூழ்ந்து கிடக்கும் வானம் பார்த்த பூமிக்கு அது பாதி அளவே பயன்படும். திருச்சுழியில் சுந்தரர் பாடிய திருமேனிநாதர் கோயில் உண்டு. 1879-ஆம் ஆண்டில் இரமண மகரிஷி பிறந்ததும் அவ்வூரிலேதான். அருப்புக்கோட்டைக்குப் பருத்தியாலும் நெசவாலும் வந்த புகழ் உண்டு. ஆயினும், சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில் இந்நிலத்து உழவரும் நெசவாளரும் எதை நினைத்து ஏங்கினார்கள், எதற்குச் சினந்தார்கள், யாருடைய சொல்லுக்குத் தலையசைத்தார்கள் என்பதைக் கல்லும் செம்பும் நமக்குச் சொல்வதில்லை. அவர்கள் இரவெல்லாம் கண் விழித்துக் கேட்ட நாடகப் பாட்டுகள்தாம் அதைச் சொல்லக்கூடியவை. அப்பாட்டுகளைப் பாடிய ஒருவரைப் பற்றியும், அவற்றை இயற்றிய மற்றொருவரைப் பற்றியும், அவ்விருவரையும் தம் நெஞ்சில் ஏற்றிப் போற்றிய ரசிகப் பெருமக்களைப் பற்றியும் இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

பாடியவர் தியாகி விசுவநாததாஸ். இயற்றியவர் மதுரகவி பாஸ்கரதாஸ். முன்னவர் 1886-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 16-ஆம் நாள் சிவகாசியில் பிறந்தார். பிற்காலத்தில் திருமங்கலத்தில் வாழ்ந்தார். பின்னவர் 1892-இல் விளாத்திகுளத்தை அடுத்த நாகலாபுரத்தில் பிறந்தார்; வெள்ளைச்சாமி என்பது அவருடைய இயற்பெயர். படத்தை விரித்துப் பார்த்தால் மேற்கே சிவகாசி, வடக்கே திருமங்கலம், தெற்கே நாகலாபுரம். இம்மூன்றுக்கும் இடைப்பட்ட கரிசல் பரப்பில் இருப்பது அருப்புக்கோட்டை. மூன்று ஊர்களும் அங்கிருந்து ஒரு மாட்டுவண்டிப் பயணத்தில் எட்டக்கூடியவை. ஆகவே அவ்விருவரும் இப்பகுதி மக்களுக்கு எங்கிருந்தோ வந்த பெரிய மனிதர்கள் அல்லர். பேச்சின் சாயலாலேயே இன்ன ஊரார் என்று கண்டுகொள்ளத்தக்க அண்டை வீட்டார்.

இந்நிலத்தில் நாடகம் செழித்ததற்கு மண்ணின் இயல்பே முதற்காரணம் என்று சொல்லலாம். இங்கே வற்றாத ஆறு இல்லை. குண்டாற்றில் தண்ணீர் ஓடும் நாட்களை எண்ணிவிடலாம். புரட்டாசி, ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை இறங்கினால் கம்பும் சோளமும் பருத்தியும் விதைப்பார்கள். தை, மாசியில் தானியம் வீடு சேரும். அதன் பிறகு பருத்தி எடுப்பு நடக்கும். பங்குனி வந்துவிட்டால் கரிசல் காடு வெடித்துப் பிளந்து கிடக்கும்; உழவனுக்கு வேலை இராது. கையில் பருத்தி விற்ற சிறிது பணமும், மனத்தில் அம்மனுக்குச் செய்ய வேண்டிய கடனும் இருக்கும். அப்போதுதான் ஊர்தோறும் பொங்கல் சாட்டுவார்கள். வீட்டுக்கு இவ்வளவு என்று வரி பிரிப்பார்கள். அவ்வரியில் ஒரு பகுதி கோயிலுக்கு. ஒரு பகுதி நாடகத்துக்கு. அறுவடைக்கும் அடுத்த மழைக்கும் இடைப்பட்ட அந்த வெறுமையான மாதங்களே இந்நாட்டின் கலைப்பருவம். பகலில் அனல் வீசும் நிலத்தில் இரவே மனிதன் மனிதனோடு அமர்ந்து மகிழ்வதற்குரிய பொழுது. இரவு 10 மணிக்குத் தொடங்கி விடியற்காலை வரை நாடகம் நீள்வது அவர்களுக்குக் களைப்பாகத் தோன்றவில்லை, குறைவாகவே தோன்றியது.

அக்காலத்து நாடகத்துக்கு இலக்கணம் வகுத்துத் தந்தவர் தூத்துக்குடி சங்கரதாஸ் சுவாமிகள். 1867-இல் பிறந்து 1922-இல் மறைந்த அப்பெருமகனார் வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன் முதலிய நாடகங்களைத் தமிழுக்கு அளித்தார். கம்பெனி நாடகங்களோடு ஸ்பெஷல் நாடகம் என்ற முறையும் வளர்ந்தது. அதன் அமைப்பு வியக்கத்தக்கது. ராஜபார்ட் நடிகர் ஓர் ஊரிலிருந்து வருவார். ஸ்திரீபார்ட் வேறோர் ஊரிலிருந்து வருவார். பபூன் இன்னோர் ஊர். ஆர்மோனியக்காரர் மற்றோர் ஊர். ஒத்திகை என்பதே இல்லை. மாலையில் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். இரவில் மேடை ஏறி விடிய விடிய நாடகம் ஆடிவிட்டுக் காலையில் பிரிந்து போவார்கள். கதையும் பாட்டும் எல்லாருக்கும் மனப்பாடம். இடையிடையே வரும் தர்க்கமும் வசனமும் அவரவர் மதிநுட்பத்தைப் பொறுத்தவை. எழுதிய நாடகத்துக்குள் எழுதாத சொல்லுக்கு இவ்வளவு இடம் இருந்தது என்பதை நேயர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னர் வந்த தேசிய வேகம் நுழைந்தது அந்த வாயில் வழியாகவே.

இம்முறைக்கு முதுகெலும்பாக நின்றது ஆர்மோனியம். அது நம் நாட்டுக் கருவி அன்று. 1840-ஆம் ஆண்டளவில் பாரிஸ் நகரில் தோன்றியது. பாதிரிமாரோடு இந்தியாவுக்கு வந்தது. கல்கத்தாவில் தரையில் வைத்துக் கையால் வாசிக்கும் சிறு பெட்டியாக மாறியது. பார்சி நாடகக் குழுக்களோடு தெற்கே இறங்கியது. சங்கீத வித்துவான்கள் அதை ஏளனமாகவே பார்த்தார்கள். சுரத்துக்குச் சுரம் தாவும் அப்பெட்டியில் கமகம் பேசாது என்பது அவர்கள் வாதம். அவ்வாதத்தில் உண்மை உண்டு. ஆனால் ஒலிபெருக்கி இல்லாத காலத்தில், கூரையில்லாத பொட்டலில், ஆயிரக்கணக்கானவர் நடுவே நின்று ஐந்து கட்டைச் சுருதியில் பாட வேண்டிய நடிகருக்கு, குரலைத் தாங்கிப் பிடித்துக் கடைசி வரிசை வரை கொண்டுசெலுத்தும் துணை ஒன்று தேவைப்பட்டது. ஆர்மோனியம் அந்தத் துணையாயிற்று. மேடையின் ஓரத்தில் அமர்ந்த ஆர்மோனியக்காரர் பின்பாட்டும் பாடுவார். நடிகர் மூச்சு வாங்கும் இடைவெளியைத் தம் விரல்களால் நிரப்புவார். அவருக்கென்றே தனி ரசிகர் கூட்டம் இருந்தது.

இத்தகைய மேடையிலேதான் விசுவநாததாஸ் வளர்ந்தார். அவர் மருத்துவர் குலத்தில் பிறந்தவர். தென்மாவட்டங்களில் அக்குலத்தார் முடிதிருத்தும் தொழிலோடு நாதசுரமும் நையாண்டி மேளமும் வாசிப்பதைப் பரம்பரையாகக் கொண்டிருந்தனர். ஊரில் பிறப்புக்கும் திருமணத்துக்கும் இறப்புக்கும் அவர்கள் இன்றி எதுவும் நடவாது. ஆனால் ஊரார் அவர்களைத் திண்ணையில் சமமாக அமர்த்த மாட்டார்கள். இந்த முரண்பாட்டுக்குள்ளேயே பிறந்து வளர்ந்த இளைஞர், நல்ல குரலும் எடுப்பான தோற்றமும் உடையவராய் நாடகத்துறையில் புகுந்து ராஜபார்ட் நடிகராக உயர்ந்தார். வள்ளி திருமணத்தில் முருகனாக வந்து நின்றால் கும்பிடுகிற கைகள் எத்தனையோ இருந்தன.

1919-ஆம் ஆண்டு ஏப்ரல் 13-ஆம் நாள் அமிர்தசரசில் ஜாலியன்வாலாபாக் படுகொலை நடந்தது. செய்தித்தாள் படிக்கத் தெரிந்தவர் மிகச் சிலராக இருந்த இக்கரிசல் சீமைக்கு அச்செய்தி எப்படி வந்து சேர்ந்தது? பெரும்பாலும் பாட்டாகவே வந்து சேர்ந்தது. பஞ்சாபில் சிந்திய இரத்தத்தை விசுவநாததாஸ் மேடையில் பாடினார். பாண்டவரும் கோவலனும் உலவிய மேடையில் டையர் என்ற பெயர் ஒலித்தது. பஞ்சாப் எத்திசையில் இருக்கிறது என்று அறியாத மூதாட்டியும் அதைக் கேட்டு அழுதாள். 1921 செப்டம்பரில் மதுரையில் காந்தியடிகள் மேலாடை துறந்து அரையாடை பூண்டார். அதைத் தொடர்ந்து கதரும் இராட்டையும் நாடகப் பாட்டின் பொருளாயின. விசுவநாததாஸ் தாமும் கதர் உடுத்தினார்.

இவ்விடத்தில் பாஸ்கரதாசின் பணியைச் சொல்ல வேண்டும். அவர் மக்கள் நாவில் முன்பே பழகிய மெட்டுகளில் புதிய பொருளை வைத்துத் தைக்கும் வல்லமை பெற்றவர். பாட்டைக் கேட்டவன் அதை மறுநாள் வயலில் பாட வேண்டுமானால் மெட்டு அவனுக்கு அறிமுகமானதாக இருக்க வேண்டும் என்பதை அவர் அறிந்திருந்தார். அவர் இயற்றி விசுவநாததாஸ் பாடிப் புகழ் பெற்றவற்றுள் தலையாயது கொக்கைப் பற்றிய பாட்டு. வள்ளி திருமணக் கதையில் தினைப்புனம் காத்தல் ஒரு சிறப்பான கட்டம். பரண் மேல் நின்று, கவணில் கல் வைத்து, ஆலோலம் பாடிப் பறவைகளை ஓட்டுவது மரபு. எத்தனையோ தலைமுறையாக அக்கட்டத்தில் கிளியும் குருவியும் விரட்டப்பட்டன. இப்பாட்டில் விரட்டப்பட்டது வெள்ளைக் கொக்கு. கடல் கடந்து வந்து நம் குளத்து மீனைக் கொத்திக்கொண்டு போகும் அக்கொக்கு எது என்று எவருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. தினைக்காட்டைக் காவல் காத்துப் பழகிய உழவனுக்கு விளைச்சலைத் தின்னும் பறவையின்மேல் உள்ள கோபம் புத்தகத்தில் படித்த கோபம் அன்று. கவிஞர் அந்தப் பழைய கோபத்தைப் புதிய இடத்தில் பொருத்தி வைத்தார். அதுவே அப்பாட்டின் வெற்றி.

அரசாங்கமும் அப்பாட்டின் பொருளை அறிந்தே இருந்தது. நாடகத்தைக் கட்டுப்படுத்தும் சட்டம் ஒன்று 1876-ஆம் ஆண்டிலிருந்தே ஆங்கில அரசின் கையில் இருந்தது. வங்கத்து மேடை வெள்ளையரைக் குறைகூறத் தொடங்கியபோது பிறந்தது அச்சட்டம். அதைக் கொண்டு நாடகத்தைத் தடை செய்யலாம், நடிகரைத் தண்டிக்கலாம். பாட்டுப் புத்தகங்களைப் பறிமுதல் செய்ய வேறு சட்டங்கள் இருந்தன. 1928-இல் பாரதியாரின் பாடல்களே பறிமுதல் செய்யப்பட்டன என்பதையும், சென்னைச் சட்டசபையில் சத்தியமூர்த்தி அதைக் கண்டித்து முழங்கினார் என்பதையும் நேயர்கள் அறிவீர்கள். ஆனால் ஸ்பெஷல் நாடகத்தைத் தடுப்பது புத்தகத்தைப் பறிப்பதுபோல் எளிதாக இல்லை. அனுமதி கேட்டது வள்ளி திருமணத்துக்கு; நடப்பதும் வள்ளி திருமணமே. எந்த நொடியில் எந்தப் பாட்டு நுழையும் என்பதை முன்கூட்டி எழுதி வாங்க முடியாது. எழுதாத சொல்லுக்கு இடம் வைத்த அந்த அமைப்பு, தணிக்கையின் கைக்கு நழுவிக்கொண்டே இருந்தது. ஆகையால் மேடையிலேயே கைது செய்வது ஒன்றே வழியாயிற்று. விசுவநாததாஸ் பலமுறை கைதானார். பலமுறை சிறை சென்றார். வெளியே வந்ததும் அடுத்த மேடையில் அதே பாட்டைப் பாடினார்.

இனி ரசிகர்களைப் பற்றிச் சொல்லுகிறேன். இக்கட்டுரையின் உயிர்ப்பகுதி அதுவே என்று கருதுகிறேன். என் இளமைக்காலத்தில், 1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில், அருப்புக்கோட்டை நெசவாளர் தெருக்களில் குழித்தறியில் அமர்ந்து நெய்துகொண்டே நாடகப் பாட்டுகளை முழுவதும் பாடக்கூடிய முதியவர்கள் இருந்தார்கள். அவர்கள் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள். தங்கள் வாலிபத்தில் கேட்டவற்றை நாற்பது ஆண்டு கழித்தும் ஓர் அடி பிசகாமல் வைத்திருந்தார்கள். தறியின் ஓசையே அவர்களுக்குத் தாளமாக இருந்தது. அவர்களிடம் நான் கவனித்த ஒன்றைக் குறிப்பிட வேண்டும். மற்ற நடிகர்களைப் பற்றிப் பேசும்போது “பாடினார்” என்பார்கள். விசுவநாததாசைப் பற்றிப் பேசும்போது “தாஸ் சொன்னார்” என்பார்கள். பாட்டைக் கேட்டதாக அல்ல, ஒரு செய்தியைப் பெற்றுக்கொண்டதாகவே அவர்கள் நினைத்தார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

அம்முதியவர்கள் சொன்னவற்றிலிருந்து அன்றைய நிலையை ஓரளவு உணரலாம். தாஸ் வருகிறார் என்ற செய்தி வண்டிக்காரர் வாய்வழியாக, சந்தைக்கு வந்தவர் வாய்வழியாகப் பரவும். பொழுது சாயுமுன் கட்டுச்சோறும் பாயும் எடுத்துக்கொண்டு புறப்படுவார்கள். பத்து மைல், பன்னிரண்டு மைல் நடப்பது அவர்களுக்குப் பெரிதன்று. நடுவழியில் வேறு ஊர்க் கூட்டமும் சேர்ந்துகொள்ளும். பாடத் தெரிந்தவன் முன்னே பாடிச் செல்ல மற்றவர் பின்பாட்டுப் பாடுவார்கள். ஆகவே நாடகம் தொடங்குமுன்பே பாதையில் ஒரு நாடகம் நடந்துவிடும். கொட்டகையில் பிடித்த பாட்டு முடிந்ததும் ஒன்ஸ்மோர் கேட்பார்கள். அச்சொல் ஆங்கிலம் என்பதுகூட அவர்களுக்குத் தெரியாது. அது நாடகத்துக்கு உரிய சொல் என்றே எண்ணியிருந்தார்கள். ஒரே பாட்டு மூன்று தடவை, நான்கு தடவை பாடப்படும். மூன்றாம் தடவையில் கூட்டத்தில் பாதிப்பேர் அதைக் கற்றுக்கொண்டிருப்பார்கள். அந்த ஒன்ஸ்மோர் வெறும் ஆசையன்று; பாடம் கேட்கும் முறை.

வாசலில் பாட்டுப் புத்தகம் விற்பார்கள். மட்டமான தாளில், பெரிய எழுத்தில், சில பக்கங்களே கொண்ட அப்புத்தகத்தை எழுத்தறியாதவரும் வாங்கினார்கள். ஊரில் படிக்கத் தெரிந்த ஒரு பையன் இருந்தால் போதும்; அவனை விளக்கடியில் அமர்த்திப் படிக்கச் சொல்லித் தாம் மெட்டைச் சேர்ப்பார்கள். இவ்வாறு அந்தப் புத்தகங்கள் எத்தனையோ சிறுவருக்கு இரண்டாம் பாடபுத்தகம் ஆயின. இசைத்தட்டு வந்த பிறகு வசதியுள்ளவர் வீட்டுக் கிராமபோனைச் சுற்றித் தெருவே கூடியது. பாஸ்கரதாஸ் இயற்றிய தேசியப் பாடல்களைக் கே. பி. சுந்தராம்பாள் போன்றோர் இசைத்தட்டில் பாடினார்கள். 1931-இல் முதல் தமிழ்ப் பேசும்படமான காளிதாஸ் வெளிவந்தபோது அதற்குப் பாட்டு எழுதியவரும் பாஸ்கரதாசே. வடமொழிக் கவியின் கதைக்கும் இராட்டைக்கும் தொடர்பு ஒன்றும் இல்லை. எனினும் அப்படத்தில் இராட்டைப் பாட்டு இடம் பெற்றது. மேடையின் பழக்கம் திரைக்கும் சென்றது என்பதற்கு அது சான்று.

இவ்வளவு அன்பையும் சொன்ன பிறகு, அந்த அன்பின் எல்லையையும் சொல்லாமல் விட்டால் வரலாறு முழுமை பெறாது. விசுவநாததாசோடு நடிக்க மறுத்த நடிகைகள் இருந்தார்கள். காரணம் அவர் பாட்டு அன்று, நடிப்பு அன்று. அவர் பிறந்த குலம். முருகனாக வந்தால் கற்பூரம் காட்டிக் கும்பிட்ட ஊர், வேடம் கலைத்த பிறகு அவருக்கு எந்த இடத்தைக் கொடுத்தது? வெள்ளையனை விரட்டும் பாட்டுக்கு ஒன்ஸ்மோர் கேட்ட கூட்டத்தில், தன் ஊர் மருத்துவர் குலத்தாரைத் திண்ணைக்குக் கீழே நிறுத்தியவர் எத்தனை பேர்? சிவகாசியில் 1899-இல் சாதிக் கலவரம் வெடித்தபோது விசுவநாததாஸ் பதின்மூன்று வயதுச் சிறுவர். மனிதன் மனிதனைப் பிறப்பால் அளக்கும் கொடுமை அவருக்குப் பாட்டிலோ நூலிலோ கேட்ட செய்தியன்று.

இது பற்றி நான் நெடுநாள் எண்ணிப் பார்த்ததுண்டு. ரசிகர்களைக் குறை கூறுவது எளிது. ஆனால் அவர்கள் வாழ்ந்த சமூகம் அவர்களுக்குக் கற்பித்தது அது. அந்தச் சமூகத்தில், ஒரு மருத்துவர் குலத்து மனிதர் சொன்ன சொல்லை ஆயிரக்கணக்கானவர் தம் சொல்லாக ஏற்று, அதற்காகக் காவலரின் தடியையும் தாங்கத் துணிந்தார்கள் என்பதும் உண்மை. பகலில் மாறாதது இரவில் சிறிது அசைந்தது. அசைந்த அளவு போதாது, எனினும் அசைந்தது. விசுவநாததாஸ் இதை அறிந்தே மேடை ஏறியிருக்க வேண்டும். தமக்கு முழு மதிப்புத் தராத மக்களுக்காகவும் தம் குரலைக் கொடுத்தார் என்பதே அவரை வெறும் நடிகர் என்னும் நிலையிலிருந்து தியாகி என்னும் நிலைக்கு உயர்த்துகிறது.

அவர் செல்வம் சேர்த்தவரல்லர். வறுமை அவரைக் கடைசிவரை விடவில்லை. 1940-ஆம் ஆண்டு டிசம்பர் 31-ஆம் நாள் இரவு சென்னை ராயல் தியேட்டரில் வள்ளி திருமணம். முருகன் வேடத்தில் மயிலாசனத்தில் அமர்ந்து பாடிக்கொண்டிருந்த நிலையிலேயே அவர் உயிர் பிரிந்தது. வயது 54. அவரை முருகன் கோலத்திலேயே ஊர்வலமாக எடுத்துச் சென்றார்கள் என்று நாடக உலகத்தார் இன்றும் சொல்லி வருகிறார்கள். செய்தி கரிசல் நாட்டை எட்டியபோது மக்கள் அதைச் சாவாக எண்ணவில்லை. முருகனோடு சேர்ந்ததாகவே எண்ணினார்கள் என்று முன்சொன்ன நெசவாளர்கள் கூறக் கேட்டிருக்கிறேன்.

வானொலியில் பேசும் நான் ஒன்றை இங்கே நினைவுகூர்வது பொருந்தும். அதே 1940-ஆம் ஆண்டில் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்தைத் தன் நிலையங்களிலிருந்து விலக்கிவைத்தது. இந்திய இசைக்கு அது ஒவ்வாது என்பதே காரணம். அத்தடை தளர்த்தப்பட்டது 1971-இல்தான். முப்பது ஆண்டுக்கு மேல், கரிசல் மக்களை விழிக்கச் செய்த கருவிக்கு வானொலிக் கூடத்தில் இடம் இல்லை. சங்கீத நுட்பத்தைக் காக்க நினைத்தவர்களின் எண்ணம் தூயதே. ஆயினும் ஒரு கருவியின் மதிப்பைச் சுரத்தால் மட்டும் அளக்கலாமா, அது யாருடைய குரலுக்குத் துணை நின்றது என்பதாலும் அளக்க வேண்டாமா என்ற கேள்வி எழுகிறது.

இக்கேள்வி நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்க நாட்டில் ஜோ ஹில் என்ற தொழிலாளர் பாடகர் மாதாகோயில் பாட்டுகளின் மெட்டில் கூலியாட்களின் துயரத்தைப் பாடினார். கொலைக்குற்றம் சாட்டப்பட்டு 1915-இல் சுட்டுக் கொல்லப்பட்டார். 1912-இல் ஓக்லஹோமாவில் பிறந்த உட்டி கத்ரி, 1930-களில் புழுதிப் புயலால் நிலம் பாழாகி ஊர்விட்டு ஊர் பெயர்ந்த உழவரோடு தாமும் அலைந்து, கித்தாரை மீட்டி அவர்கள் கதையைப் பாடினார். அவரும் வறண்ட நிலத்துப் பாடகரே. அவரை ஆசானாகக் கொண்ட பாப் டிலன், நாட்டுப்பாட்டு ரசிகர்களின் தலைமகனாக விளங்கியவர், 1965-இல் நியூபோர்ட் விழாவில் மின்சாரக் கித்தாரோடு மேடை ஏறினார். அவரைப் போற்றிய கூட்டத்திலேயே ஒரு பகுதியினர் கூச்சலிட்டு எதிர்த்தார்கள். கருவி மாறினால் பாட்டின் தூய்மை கெடும் என்று அஞ்சினார்கள். ஆர்மோனியத்தை எதிர்த்த நம் வித்துவான்களின் அச்சமும் அவர்களின் அச்சமும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். பிற்காலத்தில், 2016-இல், அதே டிலனுக்கு இலக்கியத்துக்கான நோபெல் பரிசு கிடைத்தது. அவரைப் பற்றி ரசிகர்கள் தொகுத்து வைத்திருக்கும் செய்திகள் மலைபோல் குவிந்துள்ளன. எந்த ஊரில் எந்த நாளில் எப்பாட்டைப் பாடினார் என்பதுவரை எழுதி வைத்திருக்கிறார்கள்.

நம் ரசிகர்கள் எழுதி வைக்கவில்லை, நெஞ்சில் வைத்தார்கள். நெஞ்சில் வைத்தது ஆளோடு போய்விடும். நல்வாய்ப்பாக, பாஸ்கரதாஸ் நாட்குறிப்பு எழுதும் வழக்கம் உடையவராக இருந்தார். 1952-இல் அவர் மறைந்த பின் அவை குடும்பத்தாரிடம் தங்கின. அவருடைய பேரரும் நாடகக் கலைஞருமான முருகபூபதி அவற்றைத் தொகுத்து நூலாக்கினார். எழுத்தாளர்களான கோணங்கியும் தமிழ்ச்செல்வனும் அக்கவிஞருக்குப் பேரர்களே. ஒரு நாகலாபுரத்துக் கவிஞரின் அன்றாடக் குறிப்பு தமிழ் நாடக வரலாற்றுக்கு இன்று ஆவணமாகிவிட்டது. விசுவநாததாஸ் வாழ்ந்த திருமங்கலத்தில் தமிழக அரசு அவருக்கு நினைவு இல்லம் அமைத்துள்ளது. மதுரை, புதுக்கோட்டை வட்டாரங்களில் ஸ்பெஷல் நாடகம் இன்னும் நடைபெறுகிறது; பங்குனி, சித்திரை வந்தால் கரிசல் ஊர்களிலும் வள்ளி தினைப்புனம் காக்கிறாள்.

ஆனால் கொட்டகையின் இருட்டில் பாயில் அமர்ந்திருந்தவர்களுக்கு நினைவு இல்லம் இல்லை. அவர்கள் பெயர் எந்தத் தியாகிகள் பட்டியலிலும் இல்லை. ஒரு பாட்டைக் கற்றுக்கொண்டு ஊருக்குத் திரும்பி, ஏற்றத்திலும் தறியிலும் உரலடியிலும் அதைப் பாடி, தடை செய்யப்பட்ட புத்தகத்தைக் குலுக்கையில் தானியத்துக்குள் ஒளித்துவைத்து, பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் அவர்கள். பாடகர் சிறையில் இருந்த நாட்களிலும் பாட்டு வெளியே இருந்ததென்றால் அதற்கு அவர்களே காரணம். அவர்களுடைய மக்களும் பேரர்களும் இன்று முதியவர்களாக இவ்வூர்களில் வாழ்கிறார்கள். சிலருக்கு இரண்டு அடி நினைவிருக்கும். சிலருக்கு மெட்டு மட்டும் நினைவிருக்கும். சிலர் வீட்டுப் பரணில் அட்டையிழந்த பாட்டுப் புத்தகம் ஒன்று கிடக்கும்.

இப்பேச்சைக் கேட்கும் ஆசிரியர்களும் மாணவர்களும் அம்முதியவர்களிடம் சென்று கேட்டு எழுதிக்கொள்வார்களானால், இவ்வறண்ட நிலத்தின் வரலாற்றில் எழுதப்படாத ஓர் அதிகாரம் எழுதப்படும். குலம் கேட்டு ஒதுக்கிய கூட்டத்துக்கே குரல் கொடுத்த ஒரு மனிதருக்கு, அக்கூட்டத்தின் வழிவந்த நாம் செலுத்த வேண்டிய கடன் ஒன்று உண்டு. அவர் பாட்டைக் காப்பது அதில் எளிய பாதி. அவர் மேடை இறங்கிய பிறகு அமர்வதற்கு நம் முன்னோர் தராத இடத்தை, இன்று நம் திண்ணையில் எல்லார்க்கும் தருவது மற்றைப் பாதி.